கசப்பு லூபின் விதையைச் சமைப்பது எப்படி?

கேள்வி (டர்பன்):
மேற்குக் கேப் மாகாணத்தில் பண்ணை வைத்திருக்கும் நண்பர், பசுந்தாள் உரத்துக்காக வாங்கிய கசப்பு லூபின் (ஒரு பயறு வகை) விதையில் இரண்டு கிலோ தந்தார். கொண்டைக்கடலையைப் போலவே ஓரிரவு ஊறவைத்து, குக்கரில் வேகவைத்து, தேங்காய்த் துருவலோடு சுண்டலாகத் தாளித்தேன். முதல் வாயையே துப்ப வேண்டியதாயிற்று. வேகவைத்தும் கசப்பு ஏன் போகவில்லை?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
துப்பியதே நல்லது, அண்ணா. லூபானின், ஸ்பார்ட்டீன் போன்ற ஆல்கலாய்டுகளே (செடியில் இயல்பாக உள்ள நச்சுப் பொருள்கள்) அந்தக் கசப்புக்குக் காரணம். அவை வெப்பத்தில் அழியாமல் நீரில் கரைந்தே வெளியேறும். அளவு மீறினால் வாய் வறண்டு, பார்வை மங்கி, தலை சுற்றும். 12 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். வெந்த விதையின் செல்சுவர் இளகுவதால் கசப்பு எளிதில் இறங்கும். பிறகு குளிர்பெட்டியில் வைத்து, நாளுக்கு மூன்று முறை நீர் மாற்றுங்கள். பெரும்பாலும் ஐந்து நாள்களாவது ஆகும். நுனிப்பல்லில் கடித்துப் பார்த்துத் துப்புங்கள். துளிக் கசப்பு இருந்தாலும் இன்னொரு நாள் ஊறட்டும்.

பதில் (சாட்ஸ்வர்த்):
வடித்த நீரை ஆடு கோழிகளுக்கு வைக்காதீர்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லூபினும் ஒவ்வாமல் போகலாம். நிறம் மாறிய விதைகளை முதலிலேயே பொறுக்கி எறிந்துவிடுங்கள். அவற்றில் பூஞ்சை நஞ்சு இருக்கக்கூடும், கழுவினாலும் அதை நம்ப முடியாது.