கிளிமஞ்சாரோல பராஃபு கேம்ப்புக்கு (உச்சிக்கு முந்தின கடைசி கேம்ப்) மேல போகவே முடியல, வழி சொல்லுங்க

மச்சாமே ரூட்ல ரெண்டு தடவை போயும் பராஃபு கேம்ப்லயே திரும்பிட்டேன், 5,895 மீட்டர் உச்சி அங்க தெரியுது, கால் எடுத்து வைக்க முடியல. மூணாவது நாள் லாவா டவர்ங்கிற பெரிய பாறையைத் தாண்டினதும் தலைவலி ஆரம்பிக்கும், ராத்திரி வாந்தி, ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சாலே மூச்சு வாங்குது. கீழ இறங்கினா சரியாகிடும். முதல் தடவை 6 நாள், அடுத்தது 7 நாள். டாக்டர் சொல்லி உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம் ரெண்டு வேளை போட்டேன், தண்ணி நிறைய குடிச்சேன், மெதுவாதான் நடந்தேன். ஸ்டாமினா குறை இல்லைங்க, பை தூக்கிட்டு மணிக்கணக்கா ஏறுவேன், உயரம்தான் ஒத்துக்கல. இந்த மலையை விட மனசே வரல. அடுத்து 8 நாள் லெமோஷோ ரூட் எடுக்கலாமா, இல்ல முன்னாடியே தான்சானியாலயே பக்கத்துல இருக்கிற மேரு மலை ஏறி உடம்பைப் பழக்கிட்டு வரலாமா, இப்படி அவஸ்தைப்பட்டு அப்புறம் உச்சி தொட்டவங்களுக்கு எது உதவுச்சு?