வெல்டுக்கு எக்ஸ்ரே மட்டும் போதுமா?

எதிரொலி:
25 மி.மீ. தகடு வெல்டுக்கு எக்ஸ்ரே மட்டும் எடுத்து, ஃபிலிம் சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். காற்றுத்துளை, கசடு எல்லாம் ஃபிலிமில் நன்றாகவே தெரியும், சரி. ஆனால் உண்மையில் பயப்பட வேண்டியது விரிசலுக்கும், ஓரத்தில் உருகி ஒட்டாமல் விட்ட இடத்துக்கும்தான். கதிர் போகும் திசைக்குச் சாய்வாகக் கிடக்கும் மெல்லிய விரிசல், கதிர் கடக்கும் தடிப்பைக் குறைப்பதே இல்லை என்று சொல்லலாம். அப்புறம் ஃபிலிமில் எது பதியும்? அதற்கு அல்ட்ராசோனிக்தான் (ஒலி அலையை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பார்க்கும் சோதனை) வேண்டும்.

கருப்புஃபிலிம்:
அல்ட்ராசோனிக்கில் ஆதாரமாக என்ன மிஞ்சுகிறது? ஃபிலிமைப் பல வருடம் கழித்தும் யார் வேண்டுமானாலும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். சாதாரணக் கைக்கருவியிலோ புரோபை (ஒலியை அனுப்பி வாங்கும் முனையை) கொஞ்சம் திருப்பினாலே திரையில் எழும் சிக்னலின் உயரம் மாறிவிடும், கடைசியில் கருவியைப் பிடித்தவர் சொன்னதுதான் அறிக்கை. ஆஸ்டெனிடிக் வகை ஸ்டெயின்லெஸ் வெல்டு என்றால் உலோகத்தின் பெரிய படிக மணிகள் ஒலியைச் சிதறடித்து, எது குறை எது இரைச்சல் என்றே பிரிக்க முடியாமல் செய்துவிடும்.

எதிரொலி:
ஸ்டெயின்லெஸ் சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் பதிவு இல்லை என்பது பழைய கதை. 1970களிலேயே வந்த டிஓஎஃப்டி என்ற அல்ட்ராசோனிக் முறையில், விரிசலின் இரண்டு நுனிகளிலிருந்தும் வரும் அலைகளின் நேர வித்தியாசத்தை வைத்து அதன் உயரத்தையே கணக்கிடலாம், முழு ஸ்கேனையும் சேமிக்கலாம். நேராக எடுத்த ஒரே ஃபிலிம் குறை எந்த ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லுமா? எக்ஸ்ரேக்குப் பதில் இரிடியம்-192 என்ற காமா கதிர் வீசும் கதிரியக்கப் பொருளை வைத்து எடுத்தால் சுற்றியுள்ள ஆட்களையெல்லாம் வேறு வெளியேற்ற வேண்டும்.

பெனட்ரன்ட்:
ரெண்டு பேரும் பார்க்கிற ஆளை மறந்துவிட்டீர்கள். 1989இல் அமெரிக்காவின் சியூ சிட்டியில் விழுந்த டிசி-10 விமானத்தில் எஞ்சினின் டைட்டானியம் விசிறித் தட்டுதான் உடைந்தது. அந்தத் தட்டை முன்பே ஃப்ளோரசன்ட் பெனட்ரன்ட் (மேற்பரப்பு விரிசலுக்குள் புகுந்து ஒளிரும் திரவம்) போட்டுச் சோதித்திருந்தார்கள். அப்போதே கண்டுபிடிக்கும் அளவுக்கு விரிசல் இருந்தது என்பதும், சோதனை செய்யும் மனிதர்களின் வரம்புகளைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்பதும் விசாரணையின் முடிவு.

கருப்புஃபிலிம்:
அதனால்தான் இன்னொருவர் மறுபடி பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் என்கிறேன். டிஓஎஃப்டி எடுத்து முழுக் கோப்பையும் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். வெறும் கைக்கருவியும் ‘குறை இல்லை’ என்ற ஒரு வரி அறிக்கையும் என்றால் ஃபிலிமை விடமாட்டேன்.

எதிரொலி:
கோப்பு தரலாம். ஆனால் டிஓஎஃப்டிக்கு மேற்பரப்பை ஒட்டிய சில மில்லிமீட்டர் சரியாகத் தெரியாது. கார்பன் ஸ்டீல் என்றால் அந்த இடத்துக்கு மேக்னடிக் பார்ட்டிகிளையும் (காந்தமாக்கி இரும்புத் துகள் தூவி விரிசலைப் பார்க்கும் சோதனை) சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.