முன்னாள் இங்கிலாந்து கால்பந்து மேலாளர் கேரத் சவுத்கேட்: இன்னும் மனதில் உறுத்தும் ஒரு தருணத்தை எழுதுங்கள் (ரசிகர்கள் புனைபெயரில் எழுதியவை)

மேல்தளத்து இருக்கை

2021 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதி ஆட்டம், வெம்பிளி, இங்கிலாந்தும் இத்தாலியும். லூக் ஷா இரண்டாவது நிமிடத்தில் அடித்ததும், 67-இல் பொனுச்சி சமன் செய்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது 120-ஆவது நிமிடம். ராஷ்ஃபோர்டும் சாஞ்சோவும் கோட்டோரம் நிற்கிறார்கள். ஆட்டம் முடியப்போகிறது, பெனால்டிக்காகவே சவுத்கேட் இவர்களை இறக்குகிறார் என்று என் வரிசையில் இருந்த குழந்தைக்குக்கூடப் புரிந்தது. உள்ளே போன ராஷ்ஃபோர்ட், வாக்கர் விட்டுப்போன வலதுபுறத் தற்காப்பில் போய் நின்றார். கால் சூடேறவே இல்லை. அடுத்து உதைத்ததே பெனால்டி, கம்பத்தில் பட்டது. சாஞ்சோவின் பந்தை இத்தாலியின் கோல்காப்பாளர் டோனருமா தடுத்தார். ஐந்தாவது உதைக்கு வந்தவர் பத்தொன்பது வயது புகாயோ சாகா. அவரும் தவறவிட்டார்.

1996-இல் தவறவிட்ட ஓர் உதையை இருபத்தைந்து ஆண்டுகள் சுமந்தவர் சவுத்கேட். அந்தச் சுமை எப்படிப்பட்டது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் அதை ஒரு சிறுவன் தோளில் ஏற்றிவிட்டு, பிறகு கட்டியணைத்துத் தேற்றினார். அந்த அணைப்பை உலகமே புகழ்கிறது. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

பழைய வெம்பிளி

தம்பி, நீங்கள் 1996-ஐ ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நாங்கள் ஒரு அறை நிறைய ஆட்கள், ஒரு சிறிய தொலைக்காட்சி. எங்கள் பக்கம் உதைபந்தாட்டம் என்றுதான் சொல்லுவோம். அதைத் தவிர வேறு பேச்சே இல்லாத வீடு அது. யூரோவில் ஜெர்மனியுடன் அரையிறுதி. ஷியரர் அடித்தார், குன்ட்ஸ் திருப்பி அடித்தார். அப்போது தங்க கோல் விதி; கூடுதல் நேரத்தில் ஒன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆன்டர்டனின் பந்து கம்பத்தில் பட்டது. கேஸ்கோயின் சறுக்கிக்கொண்டு போய்க் காலை நீட்டினார், எட்டவில்லை.

பெனால்டியில் இரு பக்கமும் ஐந்துக்கு ஐந்து. ஆறாவதாக யார் என்று பார்க்கிறோம்: சாம்பல் நிறச் சட்டையில் ஆறாம் எண், சவுத்கேட். எங்கள் அறையில் ஒருவர், "இவர் தடுப்பாட்டக்காரர் அல்லவா?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஜெர்மனியின் கோல்காப்பாளர் கோப்கே விழுந்து பிடித்துவிட்டார். தாழ்வான, வேகமில்லாத உதை. அதற்கு முன் தொழில்முறை ஆட்டத்தில் அவர் ஒரே ஒரு பெனால்டிதான் உதைத்திருந்தார், அதுவும் கம்பத்தில் போனது என்று பிறகு தெரிந்தது. சில மாதங்களில் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு பீட்சா விளம்பரத்தில் வந்தார். ஊரே சிரித்தது. எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை.

அன்றும் அவரை யாரும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தவில்லை. அவரே முன்வந்தார். அதையும் எழுதுங்கள்.

டீஸ் கரை

நான் பெனால்டி பற்றி எழுதப்போவதில்லை. வட இங்கிலாந்தில், மிடில்ஸ்பரோவில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர் அணிக்குச் சவுத்கேட் 2004-இல் லீக் கோப்பையைத் தூக்கிய அணித்தலைவர். அந்த அணியின் முதல் பெரிய கோப்பை அது. 2006 யூஃபா கோப்பை இறுதியில் செவியாவிடம் 4-0 எனத் தோற்றதுதான் வீரராக அவருடைய கடைசி ஆட்டம். அடுத்த சில வாரங்களில் அதே அணிக்கு மேலாளர். உரிய பயிற்சியாளர் உரிமம்கூட அப்போது அவர் கையில் இல்லை, சலுகை கேட்டு வாங்கவேண்டியிருந்தது. நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டியவனை இன்று அணியிலிருந்து நீக்கவேண்டும். அந்த வேலையை நினைத்துப் பாருங்கள்.

2008-இல் மான்செஸ்டர் சிட்டியை 8-1 என்று அடித்தோம். 2009-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கினோம். அதே ஆண்டு அக்டோபரில் டெர்பியை 2-0 என்று வென்ற இரவு நான் மைதானத்தில் இருந்தேன். இரண்டாம் நிலை லீக் அட்டவணையில் நான்காம் இடம், முதலிடத்துக்கு ஒரே புள்ளி தூரம். குளிரில் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு திரும்பினோம். விடிந்ததும் செய்தி: சவுத்கேட் நீக்கம். வென்ற இரவில்! தோற்றபோதெல்லாம் வைத்திருந்துவிட்டு. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், எதுவும் எனக்கு ஒப்பவில்லை.

மூன்றாம் தடுப்பாளர்

1996 மார்ச்சில் லீக் கோப்பை இறுதியில் ஆஸ்டன் வில்லா லீட்ஸை 3-0 என்று வென்றதை நேரில் பார்த்தேன். எஹியோகு, மெக்ராத், சவுத்கேட் மூவரும் பின்வரிசை. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதிய எல்லோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். மைதானத்துக்குப் போனால் தயவுசெய்து பந்தைப் பார்க்காதீர்கள். பந்தைப் பார்க்கத் தொலைக்காட்சி போதும். ஒரு தடுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, பந்து மறுமுனையில் இருக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டடி முன்னே வருவார், தோள்வழியே திரும்பிப் பார்ப்பார், பக்கத்து ஆளுக்குக் கையால் சைகை காட்டுவார். நல்ல தடுப்பாளர் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கவேண்டிய நிலையே பெரும்பாலும் வராது. சவுத்கேட் கிரிஸ்டல் பேலஸ் அணியில் நடுக்களத்தில் ஆடியவர். வில்லாவுக்கு வந்த பிறகே பின்வரிசைக்கு இறங்கினார். அதனால் பந்தை வாங்கி நிதானமாகக் கொடுக்கத் தெரியும். 2018 உலகக் கோப்பையில் வாக்கர், ஸ்டோன்ஸ், மக்வயர் என்று மூவரைப் பின்னால் நிறுத்தியது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? இன்னொன்று: முதல் வரிசை டிக்கெட் வாங்காதீர்கள். உயரத்திலிருந்து பார்த்தால்தான் வரிசை ஏறி இறங்குவது தெரியும். வெயில் பக்கம் வேண்டாம். பாதி நேரத்தில் எழுந்து போகாதீர்கள், இரண்டாம் பாதிக்கு அணிகள் எப்படி நிற்கின்றன என்பது முதல் நிமிடத்திலேயே...

டீஸ் கரை

ஐயா, யாரும் கேட்கவில்லையே.

கொலோன் பயணி

2024 ஜூன், யூரோவில் ஸ்லோவேனியாவுடன் 0-0. குழுவில் முதலிடம்தான், ஆனாலும் பார்த்தவர்களுக்குத் தூக்கம் வந்தது. ஆட்டம் முடிந்ததும் சவுத்கேட் ரசிகர்கள் பக்கம் நடந்து வந்து கைதட்டினார். எனக்கு இரண்டு வரிசை முன்னால் நின்ற ஒருவர் பிளாஸ்டிக் குவளையை வீசினார். பிறகு இன்னும் சில பறந்தன. அவர் கைதட்டுவதை நிறுத்தவில்லை. வீசியவர் போட்டிருந்த சட்டையும் அதே அணியின் சட்டை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேல்தளத்து நண்பருக்கு: வெளியிலிருந்தா மாற்று ஆட்கள் வருவார்கள்? பயிற்சியில் நன்றாக உதைத்தவர்களைத் தேர்ந்தெடுத்தார், முடிவு தன்னுடையது என்று அன்றிரவே ஏற்றுக்கொண்டார். 2018-இல் கொலம்பியாவை வென்றபோது இதே தயாரிப்பைத்தான் பாராட்டினீர்கள். உலகக் கோப்பையில் இங்கிலாந்து பெனால்டியில் வென்றது அதுவே முதல்முறை. தவறவிட்ட கொலம்பிய வீரர் உரிபேயை அன்று போய்த் தேற்றியவரும் இவர்தான். 2024-இல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஐவரும் அடித்தார்கள். அந்த ஐவரில் சாகாவும் உண்டு.

மேல்தளத்து இருக்கை

சாகா அடித்தது சாகாவின் நெஞ்சுரம். அதை மேலாளர் கணக்கில் எழுதாதீர்கள். தயாரிப்பைக் குறை சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்த கால்களை நம்பியதைத்தான் சொல்கிறேன். இரண்டு யூரோ இறுதிக்குப் போனார், இரண்டிலும் தோற்றார். ஸ்பெயினிடம் தோற்ற இரண்டாம் நாள் விலகினார். 102 ஆட்டங்கள். அவரை மோசமானவர் என்று நான் எங்கே சொன்னேன்?

பழைய வெம்பிளி

சொல்லவில்லைதான். ஆனால் ஐந்தாவது உதைக்கு நீங்கள் யாரை அனுப்பியிருப்பீர்கள், தம்பி? பெயரைச் சொல்லுங்கள்.