மறு: ‘ரிங்கிள் ஃப்ரீ ஸ்ட்ரெட்ச் காட்டன்’ – தமிழில்? (அவசரம்)

நண்பர்களே,
அலுவலகச் சட்டையோடு வைக்கும் பராமரிப்புக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கி நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும். ‘ரிங்கிள் ஃப்ரீ’க்குச் ‘சுருக்கமற்ற’ என்று எழுதிவிட்டேன். ‘ஸ்ட்ரெட்ச் காட்டன்’ அந்தரத்தில் நிற்கிறது.
– ம.

ம.,
‘சுருக்கம்’ வேண்டவே வேண்டாம். சுருங்குவது வேறு, கசங்குவது வேறு. துவைத்தபின் கை நீளம் குறைந்தால் அது சுருங்கல். ‘சுருக்கமற்ற சட்டை’ என்று படிப்பவர், அளவு குறையாது போலிருக்கிறது என்று சுடுநீரில் முக்கிவிடுவார்.

பருத்தி இழை செல்லுலோஸ் என்ற பொருளின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. அவற்றை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்னும் வலுக்குறைந்த கட்டுகள் பிடித்துவைத்திருக்கின்றன. ஈரம் பட்டால் அந்தக் கட்டுகள் விட்டுக்கொடுக்கும். காயும்போது துணி எப்படிக் கிடக்கிறதோ அப்படியே இறுகும். கசங்கல் என்பது இதுதான். அதனால்தான் இயந்திரத்தில் துணியைத் திணிக்காமல், பிழியும் வேகத்தைக் குறைத்து, நின்றவுடன் எடுத்து உதறி, காலரையும் பொத்தான் பட்டியையும் கையால் நீவி ஹேங்கரில் மாட்டச் சொல்கிறோம். ஸ்ட்ரெட்ச் காட்டனில் கூடக் கலந்திருக்கும் எலாஸ்டேன் என்ற இழுபடும் செயற்கை இழை, பெரும்பாலும் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு, இழுபட்ட துணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் கடுஞ்சூடும் குளோரின் வெளுப்பியும் அதற்கு ஆகாது. சட்டையில் தைத்திருக்கும் பராமரிப்புப் பட்டையில், இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒற்றைப் புள்ளி இருந்தால் பெட்டியின் சூடு 110 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது.

ஆகவே ‘கசங்காத’.
– செ. (துணித்துறை)

அன்பர்களுக்கு,
கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைகிறோம். ‘நரை, திரை, மூப்பு’ என்கிறோமே, அந்தத் திரை என்ன? தோலில் விழும் மடிப்புதான். கடல் அலையும் திரை, பால் திரைவதும் அதுவே. ‘திரையிலிப் பருத்தி’ என்றால் முடிந்தது. செ. ‘இஸ்திரி’ என்று எழுதியதைப் பார்த்தேன். அது போர்ச்சுகீசியச் சொல் வழி வந்தது என்பார்கள். அங்கே அதற்கு இழுத்தல், நீட்டுதல் என்று பொருள். ஆக ‘ஸ்ட்ரெட்ச்’ ஏற்கெனவே நம் வீட்டுக்குள் வந்துவிட்டது! இந்த இழையைத் தொடர்ந்தால்...
– அ.

அ. ஐயா, தொடர வேண்டாம், நாளை மாலை கெடு. ‘திரையிலி’ என்றால் இன்றைய பிள்ளைகள் உடைந்த கைப்பேசியைத்தான் நினைப்பார்கள்.
– நி.

நி.,
பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லைப் புதைத்தால், தெரியப்போவது எப்போது?
– அ.

இன்னொன்று. ‘கசங்காத’ என்று அறுதியிட்டுச் சொல்வதும் கொஞ்சம் பொய். ஆலையில் பிசின் ஏற்றிச் சங்கிலிகளுக்கு நடுவே நிலையான குறுக்குப் பிணைப்பு போடுகிறார்கள். அதனால் கசங்கல் குறையும், இழையின் வலுவும் கொஞ்சம் குறையும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அந்தச் சட்டையும் கசங்கத்தான் செய்யும். ‘எளிதில் கசங்காத’ என்று போடுங்கள்.
– செ.

‘எளிதில்’ என்று சேர்த்தால் கலைச்சொல் விளக்கவுரை ஆகிவிடும். ‘கசங்காப் பருத்தி’ போதும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். ஸ்ட்ரெட்சுக்கு, இயற்பியல் பாடநூலில் உள்ள ‘மீட்சி’.
– நி.

‘மீட்சிச் சட்டை’யா? யாரிடமிருந்து மீட்டார்கள்? ‘நெகிழ்பருத்தி’ வினைத்தொகை, வாயிலும் வரும்.
– கு.

கு., நெகிழ்வது தளர்வது. இழுத்தால் திரும்பி வராத துணியைத்தான் அது சொல்லும். முட்டி தொங்கிப்போன கால்சட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.
– செ.

அனைவருக்கும் நன்றி. ‘எளிதில் கசங்காத ஸ்ட்ரெட்ச் பருத்தி’ என்று அனுப்பிவிட்டேன். மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள். அதில் இருவர், இழை முடிந்தால் போதும் என்றும் சொன்னார்கள்.
– ம.

‘ஸ்ட்ரெட்ச்’ அப்படியே போனதில் எனக்கு உடன்பாடில்லை. பால் திரைவது பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.
– அ.