அந்த அண்டங்காக்கை உங்களிடம் எப்போது வந்து உட்கார்ந்தது?

பின்னிருக்கை:
அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவின் 'தி ரேவன்' (அண்டங்காக்கை) கவிதையைப் பரீட்சைக்குப் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். பரீட்சைக்கு வெளியே அது உங்களை எங்கே பிடித்தது என்று சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.ஏ. இரண்டாம் வருஷம். ஜெராக்ஸ் நோட்ஸ் ஒன்று கைமாறி வந்தது. மூட்: தொடக்கம் முதல் முடிவுவரை சோகம். சிம்பல்: காகம் என்றால் மரணம். ப்ளாட்: காதலி லெனோரைப் பறிகொடுத்தவன் அறைக்குக் காகம் வருகிறது, 'நெவர்மோர்' (இனிமேல் இல்லை) என்கிறது, அவன் உடைந்துபோகிறான். மனப்பாடம் பண்ணி எழுதினேன், பத்துக்கு எட்டு. கவிதையை முழுசாகப் படிக்கவே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அப்பா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணியில் தவறிவிட்டார். அவர் போனை அலமாரியில் வைத்துப் பூட்டினோம், ரீசார்ஜ் பண்ணவில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு நான் அந்த நம்பருக்குப் போடுவேன். முதலில் 'ஸ்விட்ச் ஆஃப்' என்றது. சில மாதம் கழித்து 'உபயோகத்தில் இல்லை' என்றது. அந்தப் பெண் குரல் என்ன சொல்லப்போகிறது என்று தெரியும். தெரிந்துதான் போடுவேன். சில நாள் மூன்று தடவை.

அப்படி ஒரு ராத்திரியில்தான் அந்தக் கவிதை ஞாபகம் வந்து, போனிலேயே தேடி வாசித்தேன். 18 பத்தி, 108 வரி. பறவை 7ஆம் பத்தியில்தான் உள்ளே வருகிறது. அதுவரைக்கும் யாருமில்லாத கதவு, டிசம்பர் நடுராத்திரி, அணைகிற கங்கு தரையில் போடும் நிழல், ஊதா நிறப் பட்டுத்திரையின் சரசரப்பு. திரை அசைந்ததற்கே அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆக, பயம் பறவையோடு வரவில்லை. அவன் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் இருக்கிறான்.

பறவை வந்ததும் அவன் சிரிக்கிறான்! நோட்ஸில் இது இல்லவே இல்லை. ஏதோ ராஜவம்சம் மாதிரி நடந்து வந்து, கதவுக்கு மேலே இருக்கிற பல்லாஸ் என்ற கிரேக்க தேவதை சிலையின் தலையில் உட்கார்கிற அதைப் பார்த்து, 'உன் திருநாமம் என்னவோ?' என்று கிண்டலாகக் கேட்கிறான். 'நெவர்மோர்.' பழைய எஜமான் யாரோ துக்கத்தில் புலம்பினதைக் கேட்டுக் கற்றுக்கொண்ட ஒரே சொல் இது என்று 11ஆம் பத்தியிலேயே சரியாக ஊகித்தும்விடுகிறான். அதற்கப்புறம் செய்கிற காரியம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மெத்தை நாற்காலியை இழுத்து, பறவைக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்கிறான்.

கேள்விகள் பிறகு வருகின்றன. இந்த வலியை மறக்க வழி உண்டா? காயத்துக்கு மருந்து உண்டா? மேலுலகத்திலாவது அவளைத் தழுவுவேனா? ஒரே பதில்தான் வரும் என்று தெரிந்தவன், அந்தப் பதில் எங்கே பட்டால் அதிகம் வலிக்குமோ அங்கே பார்த்துக் கேள்வியை வைக்கிறான். 'நான் எப்போது சாவேன்?' என்று கேட்டிருந்தாலும் அது 'நெவர்மோர்' என்றுதான் சொல்லியிருக்கும். அப்படிக் கேட்க அவனுக்கு மனசில்லை. காகம் என்றால் மரணம் என்று எழுதி எட்டு மார்க் வாங்கினவன், நான்காவது தடவை டயல் பண்ணாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கு மட்டும்.

சாக்பீஸ்தூசி:
பின்னிருக்கை, இந்தக் கவிதையை நான் எட்டு வருஷமாக நடத்துகிறேன். முதல் வருஷம் 'காக்கா' என்று சொன்னதுமே வகுப்பு சிரித்துவிட்டது. நமக்குக் காக்கா வாசலில் கரைந்தால் விருந்தாளி வருவார், அமாவாசைச் சோறு வைத்தால் தாத்தா வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். விருந்து வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலத்தில் நெய்ச்சோறு வைத்தாலும் போதாது என்று குறுந்தொகையில் பாடிய அம்மாவுக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பழக்கத்தோடு வருகிற பிள்ளையிடம் காகம் என்றால் சாவு என்று பலகையில் எழுதினால் எப்படி ஒட்டும்? இப்போது அண்டங்காக்கை என்றே சொல்கிறேன். அந்தச் சொல்லில் கொஞ்சம் இருட்டு இருக்கிறது.

இன்னொன்று. போ 1846இல் எழுதிய கட்டுரையில், நீளமான 'ஓ'வும் 'ர்'ரும் சேர்ந்த ஓசை வேண்டும் என்றுதான் 'நெவர்மோர்' என்ற சொல்லைப் பிடித்தேன் என்கிறார். பேசும் பறவை என்றதும் முதலில் தோன்றியது கிளியாம்! நல்லவேளை. வகுப்பில் இந்தச் சொல்லைத் தமிழாக்கச் சொன்னேன். 'இனி இல்லை' என்றார்கள். பொருள் சரி, ஓசை பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் 'ஒருபோதும்' என்றான். 'அது பாதிதானேப்பா, "இல்லை" எங்கே?' என்றேன். 'மீதியைக் கேக்குறவன் தானே சொல்லிக்குவான் மேடம்' என்றான். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடத்த முடியவில்லை.

அரைவேக்காடு:
மன்னிக்கணும், அந்தக் கட்டுரை சுத்தக் கப்சா என்பது என் கட்சி. நூறு வரி அளவு போதும், அழகான பெண்ணின் சாவுதான் கவிதைக்கு ஏற்ற விஷயம், முடிவுப் பக்கத்துப் பத்தியை முதலில் எழுதினேன் என்று கணக்கு வாத்தியார் மாதிரி விளக்குகிறார். எவனாவது துக்கத்தை இப்படி எழுதுவானா?

பின்னிருக்கை:
கப்சா என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தேதிகளைப் பாருங்கள். 1842 ஜனவரியில் அவர் மனைவி வர்ஜீனியா பாடிக்கொண்டிருக்கும்போது வாயில் ரத்தம் வந்தது. காசநோய். கவிதை 1845 ஜனவரி 29 அன்று 'ஈவ்னிங் மிரர்' பத்திரிகையில் வருகிறது. வர்ஜீனியா இறந்தது 1847 ஜனவரி 30. போவுக்கு மூன்று வயது நிறைவதற்கு முன்னாலேயே அம்மாவையும் பறிகொடுத்தவர். கவிதை எழுதும்போது மனைவி உயிரோடு, அதே வீட்டில், இருமிக்கொண்டு இருக்கிறார். அப்படிப்பட்ட மனுஷன் 'எல்லாம் நான் போட்ட கணக்கு' என்று கட்டுரை எழுதினால், அதைத் திமிர் என்று என்னால் படிக்க முடியவில்லை. ஈமச் செலவுக் கணக்கை மூன்று தடவை கூட்டிப் பார்த்தவன் நான்.

வெளியூர்க்காரன்:
வேலை விஷயமாகப் பிலடெல்பியா போனபோது, அங்கே ஃப்ரீ லைப்ரரியில் கிரிப்பைப் பார்த்தேன். சார்லஸ் டிக்கன்ஸ் வளர்த்த அண்டங்காக்கை. 1841இல் செத்ததும் பாடம் பண்ணி வைத்துக்கொண்டார். அதை 'பார்னபி ரட்ஜ்' நாவலிலும் ஒரு பாத்திரமாக்கினார். அந்த நாவலுக்கு மதிப்புரை எழுதிய போ, இந்தப் பறவையின் கரைச்சலை வருவதுரைக்கிற குரலாகப் பயன்படுத்தியிருக்கலாமே என்று குறை சொன்னார். மூன்று வருஷத்தில் தானே அதைச் செய்துகாட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அதன் பருமனைப் பார்த்துத் திகைத்துப்போனேன். நம் வீட்டுக் காக்கையை நினைத்துக்கொண்டு போனால் இது பெட்டைக்கோழி அளவு. இது ராத்திரியில் ஜன்னல் வழியாக வந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்காது.

டார்ச்லைட்:
நான் பிசிக்ஸ் ஆள், ஒரு சந்தேகம். பறவை கதவுக்கு மேலே. விளக்கு வெளிச்சத்தில் அதன் நிழல் தரையில் விழுகிறதாம், அதில் அவன் ஆத்மா மாட்டிக்கொள்கிறதாம். விளக்கு எங்கே இருக்கிறது?

சாக்பீஸ்தூசி:
போ உயிரோடு இருந்தபோதே இந்தக் கேள்வி வந்துவிட்டது தம்பி. கதவுக்கும் சிலைக்கும் மேலே, சுவரில் பொருத்திய விளக்கு என்று கடிதத்தில் பதில் எழுதியிருக்கிறார். என் மாணவர்கள் இதுவரை கேட்டதில்லை, நீங்கள் வந்து உட்காருங்கள்.

அரைவேக்காடு:
பின்னிருக்கை, கேட்கலாமா தெரியவில்லை. அப்பா நம்பருக்கு இப்பவும் போடறீங்களா?

பின்னிருக்கை:
போன மாசம் போட்டேன். ரிங் போச்சு. யாரோ ஒரு பையன் எடுத்து 'ஹலோ, யாருங்க?' என்றான். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். 'ராங் நம்பர் தம்பி' என்றேன். 'பரவால்லண்ணே' என்று வைத்துவிட்டான்.