ஆர்வமாக வந்தவர்கள் மூன்றே மாதத்தில் காணாமல் போகிறார்கள், என்ன செய்வது?

மாலைநேரம்:
எங்கள் பகுதியில் சிலர் சேர்ந்து ஒரு சின்னக் குழு ஆரம்பித்தோம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது, தனியாக இருக்கும் வயதானவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, அவ்வளவுதான் திட்டம். முதல் கூட்டத்துக்கு 20 பேருக்கு மேல் வந்தார்கள். இப்போது வேலை செய்வது நானும் இன்னும் 3 பேரும். மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது, பணம் கேட்டால் உடனே அனுப்புகிறார்கள், வாட்ஸ்அப்பில் கும்பிடு போடுகிறார்கள், ஆனால் சனிக்கிழமை வாருங்கள் என்றால் சத்தமே இல்லை. இது எல்லா இடத்திலும் இப்படித்தானா?

பழையகை:
இப்படித்தான். குழுவில் "முடிந்தவர்கள் வரவும்" என்று போட்டீர்களா? போட்டிருப்பீர்கள். வேறு யாராவது போவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, செவ்வாய் 6 முதல் 7 வரை, இந்த 2 பிள்ளைகளுக்குக் கணக்கு, 2 மாதம் மட்டும் என்று கேளுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் ஆள் தைரியமாக ஒத்துக்கொள்வார். நான் ஒரு குழுவை விட்டு வந்ததற்கே அதுதான் காரணம், ஒருமுறை சரி என்றால் ஆயுள் தண்டனை.

ஓபாசிட்டிவ்:
ரத்த தானத்தில் நீண்ட நாளாக இருப்பதால் சொல்கிறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் மக்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள், ஆனால் காயத்தோடு பிழைத்து வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, சிவப்பணுக்களையோ 42 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, கடைசியில் நிறைய வீணாகக் கொட்ட வேண்டியதாயிற்று. ஒரே நாளில் வரும் 100 பேரைவிட, 3 மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் 10 பேர்தான் எங்களுக்குப் பெரிசு. உங்கள் 20 பேரையும் ஒரே சனிக்கிழமைக்குக் கூப்பிடாமல் முறை வையுங்கள், மாதம் ஒரு தடவை என்றால் பாதிப் பேராவது வருவார்கள்.

குறுக்குக்கேள்வி:
உதவி வாங்குகிறவர்களிடம் ஏதாவது கேட்டுப் பார்த்தீர்களா? எட்கர் கான் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1980களில் நேர வங்கி என்று ஒன்றைப் பரப்பினார். நீங்கள் ஒரு மணி நேரம் யாருக்காவது வேலை செய்தால் உங்கள் கணக்கில் ஒரு மணி ஏறும், அதை வைத்து வேறொருவரிடம் உதவி வாங்கலாம். வக்கீலின் ஒரு மணியும் வீடு துடைப்பவரின் ஒரு மணியும் ஒன்றுதான். உங்களுக்குக் கணக்குப் புத்தகமெல்லாம் வேண்டாம், ஆனால் எப்போதும் வாங்கிக்கொண்டே இருப்பது அவர்களுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

மாலைநேரம்:
நாங்கள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் அம்மா ஒருவர் 30 வருடம் ஆசிரியராக இருந்தவர். வண்டியில் ஏறியதும் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பார். ஐயோ, இத்தனை நாள் தோன்றவே இல்லையே!

பழையகை:
அவரை வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். நேரில் போங்கள். பிள்ளைகள் அவர் வீட்டுக்கே வர முடியுமா என்று முதலில் பாருங்கள்.