புகழ்பெற்ற தனியார் உயர்நிலைப் பள்ளியில் படித்தால் கல்லூரிச் சேர்க்கைக்கான வாய்ப்பு கூடுமா?

மிதிலா (கேள்வி)

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்புக்கு அவளை எங்கே சேர்ப்பது என்பதில் எனக்கும் கணவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி நல்ல பெயர் பெற்றதுதான். ஆனால் போய்வரும் தூரத்தில் மிகவும் புகழ்பெற்ற தனியார் பள்ளி ஒன்றும் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 50,000 டாலரைத் தாண்டுகிறது. அவர்கள் தந்த கையேட்டில், அங்கே படித்தவர்கள் சேர்ந்த கல்லூரிகளின் பட்டியல் ஹார்வர்ட், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி என்று நீள்கிறது. அந்தப் பட்டியலைவிட வேறென்ன சான்று வேண்டும் என்கிறார் கணவர். எனக்கோ, அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் அங்கேதான் போயிருப்பார்களோ என்ற ஐயம் தீரவில்லை. நான்கு ஆண்டுகளில் 2 லட்சம் டாலருக்கு மேல் செலவாகும். பள்ளியின் பெயருக்கென்று தனியாக ஏதேனும் பலன் உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். பாடத்தின் தரம், சிறிய வகுப்புகள் போன்றவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இப்போதைய கேள்வி சேர்க்கை பற்றியது மட்டுமே.

தணிகை

உங்கள் ஐயம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது, அதில் உள்ளவர்கள் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும். இத்தகைய பள்ளிகள் மாணவர்களை நுழைவுத் தேர்வு, நேர்காணல், பழைய மதிப்பெண்கள் எல்லாவற்றையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்கும் மேலாக, அங்கே படிக்கும் பிள்ளைகளில் கணிசமானோரின் பெற்றோர் ஹார்வர்ட், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் (வடகிழக்கின் எட்டுப் பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்கள்) கல்லூரிகளில் படித்தவர்கள்; இன்னும் சிலர் படகோட்டம், ஸ்குவாஷ், லக்ரோஸ் போன்ற விளையாட்டுகளுக்காகக் கல்லூரிப் பயிற்சியாளர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். ஹார்வர்டுக்கு எதிரான வழக்கு (சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வது பற்றி 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு) வெளிக்கொணர்ந்த தரவுகளைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, அங்கே அனுமதி பெற்ற வெள்ளையின மாணவர்களில் 43 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் விளையாட்டு வீரர்களாகவோ, முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளாகவோ, கல்லூரித் தலைமையின் தனிப்பட்ட கவனப் பட்டியலில் இருந்தவர்களாகவோ, ஊழியர்களின் பிள்ளைகளாகவோ இருந்தது தெரியவந்தது. இந்தியாவில் பட்டம் பெற்றுவிட்டு இங்கே வந்த நம்மைப் போன்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கு லெகசி (முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் முன்னுரிமை) என்ற வாசல் பெரும்பாலும் இல்லை. ஆகவே கையேட்டுப் பட்டியலில் இத்தகைய பிள்ளைகளைக் கழித்த பிறகு எஞ்சுவது எவ்வளவோ, அதுவே உங்கள் மகளுக்குப் பொருந்தும் பட்டியல்.

பள்ளியின் தனி விளைவை அளப்பது கடினம். நுழைவுத் தேர்வில் மயிரிழையில் தேறியவர்களையும் மயிரிழையில் தவறியவர்களையும் ஒப்பிடுவது ஒரு வழி. இரு தரப்பினரும் திறமையில் ஏறக்குறைய ஒன்றே என்பதால், பின்னாளில் தெரியும் வேறுபாட்டைப் பள்ளியின் கணக்கில் எழுதலாம். பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் தேர்வுவழிப் பள்ளிகளை (பாஸ்டன் லத்தீன், ஸ்டைவசன்ட் போன்றவை) அப்துல்காதிரோலு, ஆங்ரிஸ்ட், பாத்தக் ஆகிய பொருளியலாளர்கள் இவ்வழியில் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். எல்லைக்கோட்டில் இருந்த மாணவர்களுக்கு அப்பள்ளிகளால் தேர்வு மதிப்பெண்ணிலோ கல்லூரியிலோ குறிப்பிடத்தக்க ஏற்றம் கிடைத்ததாகத் தெரியவில்லை. அவை அரசுப் பள்ளிகள் என்பதால் தனியார் பள்ளிகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும், திறமையான மாணவர்கள் ஓரிடத்தில் கூடியிருப்பதாலேயே கல்லூரி வாசல் திறந்துவிடும் என்ற நம்பிக்கையை அந்த ஆய்வின் முடிவுகள் நன்றாகவே அசைக்கின்றன.

செந்தாமரை

நான் ஒரு தனியார் பள்ளியின் கல்லூரி ஆலோசனை அலுவலகத்தில் சில காலம் பணியாற்றியவள். தணிகை சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் பள்ளியால் பலனே இல்லை என்ற முடிவுக்கு அதிலிருந்து போய்விடக் கூடாது.

முதல் பலன் கவுன்சிலரின் (பள்ளியின் மாணவர் ஆலோசகர்) பரிந்துரைக் கடிதம். அரசுப் பள்ளிகளில் ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அவர்களின் சங்கமே பரிந்துரைக்கும் அளவு. நாட்டின் சராசரியோ 350-ஐத் தாண்டி நிற்கிறது. அந்தக் கவுன்சிலர் பாட அட்டவணை, மனநலம், வருகைப் பதிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இடையில் கடிதமும் எழுத வேண்டும். தனியார் பள்ளியில் கல்லூரி விண்ணப்பங்களுக்கென்றே தனி அலுவலகம் இருக்கும். ஒருவர் பொறுப்பில் சில பத்து மாணவர்கள் மட்டுமே இருப்பார்கள். அங்கிருந்து போகும் கடிதத்தில் அந்த மாணவி யார், எதில் முட்டி மோதி மீண்டாள் என்பதெல்லாம் சம்பவங்களோடு இருக்கும். மறுபக்கம் கல்லூரியில் அந்த வட்டாரத்துக்கான அதிகாரி அப்பள்ளியின் கோப்புகளை ஆண்டுதோறும் படிப்பவர் என்பதால், அங்கே வேதியியலில் பி பிளஸ் என்றால் என்ன பொருள் என்பது அவருக்குத் தெரியும். தெரியாத பள்ளியிலிருந்து வரும் நல்ல மாணவியைப் பற்றி எழும் தயக்கம் இங்கே எழாது. 2018-இல் வாஷிங்டன் வட்டாரத்தின் எட்டுத் தனியார் பள்ளிகள் ஏபி பாடங்களையே (பள்ளியிலேயே கற்பிக்கப்படும் கல்லூரி நிலைப் பாடங்கள்) கைவிடப்போவதாக அறிவிக்க முடிந்ததும் இந்த அறிமுகத்தின் பலத்தால்தான் என்று நினைக்கிறேன்.

இதன் மறுபக்கத்தைப் பள்ளிகள் உரக்கச் சொல்வதில்லை. பெரிய கல்லூரிகள் ஒரு பள்ளியின் விண்ணப்பங்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கின்றன. அந்த ஆண்டு அதே கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வகுப்புத் தோழர்கள் இருபது பேர் என்றால், அவர்களில் லெகசிகளும் விளையாட்டு வீரர்களும் போக எஞ்சும் மிகச் சில இடங்களுக்குத்தான் உங்கள் மகள் போட்டியிடுவாள். பள்ளி தர வரிசையை வெளியிடாவிட்டாலும், அனுப்பும் மதிப்பெண் பரவலிலிருந்து அவள் எங்கே நிற்கிறாள் என்பதை அதிகாரி ஊகித்துவிடுவார். சமூகவியலாளர் எஸ்பன்ஷேட் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வும், ஒரே தகுதியுள்ள இருவரில் மிகத் திறமையான சக மாணவர்கள் நிறைந்த பள்ளியில் இருந்து வருபவருக்கு வாய்ப்பு சற்றுக் குறைவதையே காட்டியது. எங்கள் அலுவலகத்திலும், யார் எந்தக் கல்லூரிக்கு முன்கூட்டிய முடிவுக்கு (ஒரே கல்லூரிக்கு முன்னதாகவே விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக உறுதி தரும் முறை) விண்ணப்பிப்பது என்பதில் மென்மையான வழிகாட்டுதல் இருக்கும். அது வழிகாட்டுதல் என்றே அழைக்கப்பட்டது. பெற்றோர் சிலர் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

அங்கே முதல் பத்து விழுக்காட்டில் இருக்கும் மாணவிக்குப் பள்ளி பெரிய துணை. நடுவில் இருப்பவளுக்கு, அதே பிள்ளை அரசுப் பள்ளியில் முன்வரிசையில் இருந்திருப்பாள் என்ற நிலையில், நட்டமாகவும் முடியலாம்.

கரிகாலன்

எல்லோரும் ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் போன்ற பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் டெக்சஸில் இருக்கிறேன். இங்கே கதை வேறு. 1997-இல் வந்த சட்டப்படி வகுப்பின் முதல் 10 விழுக்காட்டு மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே அனுமதி உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இடம் போதாததால் அந்த எல்லை 6 விழுக்காடாகக் குறைந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு 5 விழுக்காடாகியிருக்கிறது. கடும் போட்டியுள்ள தனியார் பள்ளியில் பதினைந்தாவது விழுக்காட்டில் நிற்கும் பிள்ளைக்கு இந்தச் சட்டத்தால் எந்தப் பயனும் இல்லை. ஊர்ப் பள்ளியில் அதே பிள்ளை எல்லைக்குள் இருந்திருக்கக்கூடும்.

கலிஃபோர்னியாவும் இதற்கு அருகில்தான் வருகிறது. அம்மாநிலத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 9 விழுக்காட்டில் வருபவர்களுக்கு, கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்களில் இடம் இருக்கும் ஏதேனும் ஒன்றில் அனுமதி உறுதி செய்யப்படுகிறது. அங்கே எஸ்ஏடி (நாடு தழுவிய கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. கவுன்சிலரின் கடிதத்தையும் பொதுவாகக் கேட்பதில்லை. அதாவது செந்தாமரை சொன்ன மிகப் பெரிய பலன் அங்கே கணக்கிலேயே வராது. உங்கள் மகள் கடைசியில் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப்போகிறாள் என்றால், அதற்காக 2 லட்சம் டாலர் செலவழிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

மிதிலா

மிக்க நன்றி. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துங்கள். பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினரின் ஆய்வு தனியார் பள்ளிகளுக்குச் சாதகம் இருப்பதாகத்தானே சொல்கிறது? கணவர் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்.

தணிகை

அவர் சொல்வதில் உண்மை உண்டு. 2023-இல் செட்டி, டெமிங், ஃபிரீட்மன் வெளியிட்ட அந்த ஆய்வு, எட்டு ஐவி லீக் கல்லூரிகளோடு ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி, டியூக், சிகாகோ ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தது. ஒரே தேர்வு மதிப்பெண் பெற்றவர்களில், வருமானத்தின் உச்சி 1 விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அனுமதி வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதலில் ஏறக்குறைய பாதி லெகசியால் வந்தது; எஞ்சியதை விளையாட்டுச் சேர்க்கையும், பாடத்துக்கு வெளியிலான தகுதிகளுக்குத் தரப்படும் மதிப்பீடும் பங்கிட்டுக்கொண்டன. இந்த மூன்றாவது மதிப்பீடு, மதச்சார்பற்ற தனியார் பள்ளி மாணவர்களுக்கு உயர்வாக இருந்தது என்பதே உங்கள் கணவர் குறிப்பிடும் பகுதி. கடிதம், மன்றங்கள், தலைமைப் பொறுப்புகள் எல்லாம் அதில் அடங்கும். செந்தாமரை உள்ளிருந்து பார்த்ததைத்தான் அது வெளியிலிருந்து அளந்திருக்கிறது. எனவே சாதகம் உண்டு; ஆனால் அது கையேட்டுப் பட்டியல் காட்டும் அளவினது அன்று, மூன்று காரணங்களில் ஒன்றின் ஒரு பகுதி மட்டுமே. அந்த மதிப்பீடு உயர்வாக இருந்தவர்கள் பின்னாளில் கூடுதலாகச் சாதித்ததாக ஆய்வாளர்கள் காணவில்லை. அதை முன்னறிவித்தவை தேர்வு மதிப்பெண்ணும் பாடத் தகுதியுமே. முன்னணி மாநிலப் பல்கலைக்கழகங்களில் பணக்காரக் குடும்பங்களுக்கு இத்தகைய சாதகம் தென்படவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. கரிகாலனின் வாதத்துக்கு அது வலுச் சேர்க்கிறது.

செந்தாமரை

மிதிலா, பள்ளிக்கு அடுத்த முறை போகும்போது, லெகசி, விளையாட்டு இரண்டும் இல்லாத மாணவர்கள் எந்தக் கல்லூரிகளில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பெயர்கள் தரமாட்டார்கள், ஆனால் வகுப்பின் நடுப்பகுதியில் இருப்பவர்கள் பொதுவாக எங்கே போகிறார்கள் என்பதை நல்ல அலுவலகம் தயங்காமல் சொல்லும். மழுப்பினால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பள்ளி வரம்பு வைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒன்று. மாசசூசெட்ஸில் உள்ள ஆண்டோவர் என்ற புகழ்பெற்ற தனியார் உறைவிடப் பள்ளி 2007-லிருந்து குடும்பத்தின் பண வசதியைப் பார்க்காமலேயே மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் பல பள்ளிகளில் நிலைமை அப்படியில்லை, உதவித்தொகை கேட்பது முடிவையே பாதிக்கக்கூடும். அதற்கான விண்ணப்பம் தனி, அதன் கடைசி நாளும் தனி. இந்த வகைப் பள்ளிகள் பலவும் மார்ச் 10-ஆம் தேதி முடிவை அறிவித்து, ஏப்ரல் 10-க்குள் பதில் கேட்கும். அந்த ஒரு மாதத்துக்குள் உதவித்தொகைக் கடிதம் கையில் இல்லாமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.